கூரை இல்லாதவர்களின் சோலார்

பார்லர்க்காரிக்கு வாய் ஓயாது. அவள் குடியிருந்த அடுக்குமாடியின் மொட்டைமாடி முழுக்கத் தண்ணீர்த் தொட்டிகள். எதிரே பள்ளிக்கூடத்துக் கூரையோ வெயிலில் சும்மா காய்ந்து கிடந்தது. அதில் தெருக்காரர்கள் கூட்டாக சோலார் போட்டு, வரும் மின்சாரத்தை அவரவர் பில்லில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். மின்சார அலுவலகம் கையை விரித்தது. சொந்தக் கூரை இருந்தால்தான் சோலார். கூட்டாகப் போடச் சட்டத்தில் இடமில்லையாம்.

"அப்ப சட்டத்தை மாத்தட்டும்!" என்று நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் ஆரம்பித்தாள்.

"இருக்கிற கஸ்டமரும் ஓடிடப் போறாங்கடி" என்று புருஷன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஒருநாள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரே முடிக்குச் சாயம் பூச வந்தார். பூசி முடிக்கும்வரை பார்லர்க்காரி வாயே திறக்கவில்லை. பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, சாயம் பிடிக்க அரைமணி ஆகும். இந்தத் தலையோட வெளிய போக முடியாது. ஒரு விஷயம் சொல்லவா?"

கண்ணாடியைப் பார்த்த உறுப்பினருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சொல்லும்மா, வேற வழி?"

அவர் கொண்டுவந்த மசோதா முதல் தடவை தோற்றது. அன்று பார்லர்க்காரி கடையைச் சாத்திவிட்டு அழுதாள். மறுநாளே தெருத்தெருவாக ஆள் சேர்க்கக் கிளம்பிவிட்டாள். அடுத்த வருஷம் சட்டம் நிறைவேறியது.

பள்ளிக் கூரையில் தகடுகள் ஏறிய அன்று, "விடாம போராடினோம்ல!" என்று புருஷன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தான். அவள் குறுக்கே பேசவில்லை. வாய்கொள்ளாத சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தாள்.