மூன்று நாளைக்குத் தாங்கும் பானைகள்

20-6-1983 என்று தேதியிட்டு அக்கா செந்துறையிலிருந்து எழுதிய இன்லண்ட் கடிதம் என் முன்னால் இருக்கிறது.

"தம்பிக்கு ஆசீர்வாதம். பாப்பா காதுகுத்துக்கு வருகிறேன். நான்கு நாள் தங்க முடியும். செடிகளுக்குப் பானை வைத்துவிட்டேன். ஒரு தடவை நிரப்பினால் மூன்று நாளைக்குத் தாங்குகிறது. நான்காம் நாளும் மண்ணில் ஈரம் இருக்கிறது. சோதித்துப் பார்த்துவிட்டேன்."

அக்காவின் கடிதங்களில் நாற்பத்தொன்று என்னிடம் உள்ளன. எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்குவதாக அவர் எழுதியது இது ஒன்றில்தான்.

அக்கா ஆண்டிமடத்தில் பிறந்தார். பள்ளிச் சான்றிதழில் 1934 என்றிருக்கிறது. அம்மா ஓராண்டு முன்னால் சொல்வார். நான் சான்றிதழையே எடுத்துக்கொள்கிறேன். பத்தொன்பது வயதில் வேப்பந்தட்டைக்கு வாழ்க்கைப்பட்டார். மூன்றாம் வருடம் அத்தான் காய்ச்சலில் இறந்தார். குழந்தை இல்லை. பிறகு தையல் படித்து, 1962இல் செந்துறையில் தையல் ஆசிரியை ஆனார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் தனியாக இருந்தார். யாரிடமும் எதுவும் கேட்காதவர். கேட்காதவருக்கு ஒன்றும் வேண்டியதில்லை என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

வீட்டின் பின்னால் கத்திரி, வெண்டை, ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, மல்லிகை என்று ஒன்பது செடிகள் வைத்திருந்தார். திருச்சிக்கு வந்து சில நாள் இருக்கச் சொன்னால், "செடிக்கு யாருடா தண்ணி ஊத்துவா?" என்பார். அதற்கு மேல் நான் வற்புறுத்தியதில்லை.

1983இல் கிணறுகளில் தண்ணீர் கீழே போய்விட்டது. குடம் குடமாக ஊற்ற வழியில்லை. அந்தப் போகிக்குத் தெருவில் கழித்துப் போட்டிருந்த பழைய சமையல் பானைகளில் உடையாத ஒன்பதைப் பொறுக்கி வைத்திருந்தார். அவற்றின் அடியில் ஆணியால் துளை போட்டுத் துணித்திரி செருகினார். செடிக்குப் பக்கத்தில் இரண்டு செங்கல் மேல் பானையை வைத்தார். கீழே தொங்கும் திரியின் நுனி வேரடி மண்ணைத் தொடும். பானை வாய்க்கு மண்மூடி. முதலில் பள்ளிச் சீருடை வெட்டியதில் மிஞ்சிய டெரிகாட்டன் துண்டுகளைத் திரித்துப் பார்த்தார். தண்ணீர் இறங்கவில்லை. பழைய நூல் வேட்டி ஒன்றைக் கிழித்துத் திரித்த பிறகே சொட்டுச் சொட்டாக இறங்கியது. அது அத்தானின் வேட்டி. இருபத்தேழு ஆண்டுகளாக அது பெட்டியில் இருந்தது எனக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு அம்மாளை அக்கா சின்னம்மா என்றே அழைப்பார். அவருக்கு இந்தப் பானைகள் பிடிக்கவில்லை. நான் போயிருந்த ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று கேட்டார்:

"ஏம்மா டீச்சரு, சுடுகாட்டுல ஒடைக்கிற ஓட்டக் கொடத்த வூட்டுல வெச்சிருக்கியே, அடுக்குமா?"

"கோயில்ல லிங்கத்துக்கு மேல ஓட்டப் பாத்திரம் தொங்கலையா சின்னம்மா? அக்கினி நட்சத்திரம் பூரா சொட்டுதே."

"லிங்கமும் கத்திரிக்காயும் ஒண்ணாடி?"

"கொழம்புக்கு எது ஆவும்? நீங்களே சொல்லுங்க."

சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

29-6-1983 அன்று காதுகுத்துக்கு வந்தார். என் மகள் பாப்பாவுக்குத் தானே தைத்த பட்டுப் பாவாடையைக் கட்டிவிட்டு, காது குத்த அவளை மடியில் வைத்துக்கொள்ளக் கை நீட்டினார். விருந்துக்கு வந்திருந்த ஒரு பெரியவர், "நீங்க சித்த பின்னால போயிருங்கம்மா" என்றார். அக்கா உடனே எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மறுநாள் காலை பையோடு நின்றார். "போயிட்டு வரேன்டா. பானை காஞ்சிருக்கும்."

மூன்று நாளைக்குத் தாங்கும் என்று எழுதியிருந்தாரே. அந்தக் கடிதம் அப்போது என் சட்டைப்பையிலேயே இருந்தது. "சரிக்கா" என்று சொல்லி, அரியலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அதன் பின் அக்கா திருச்சிக்கு வரவில்லை.

29-5-1984 அன்று, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முந்தைய வேலைகளுக்குப் போனவர் பள்ளியில் மயங்கி விழுந்தார். உடன் பணியாற்றிய ஆசிரியைகள் அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தந்தி அடித்தார்கள். நான் போனபோது பேச்சு நின்றிருந்தது. 2-6-1984 அன்று காலமானார். அங்கிருந்து நேரே ஆண்டிமடம் கொண்டுவந்தோம். கொள்ளிக்குடத்தை நான்தான் சுமந்தேன். சுற்றுக்கு ஒரு ஓட்டையாக விழ, தோளில் தண்ணீர் வழிந்தது. அப்போது செந்துறைப் பானைகள் நினைவுக்கு வந்தன. அவர் வீட்டைப் பூட்டிப் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. செடிகள் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

கருமாதி முடிந்து 18-6-1984 அன்று அந்த வீட்டைத் திறந்தேன். கொல்லையில் ஒன்பது செடிகளும் பச்சையாக இருந்தன. மூடிகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பானையிலும் முக்கால் அளவு தண்ணீர். எலுமிச்சைக்கு வைத்த பானையில் திரி புதிது. வேட்டித் துணி அல்ல, பச்சை நூல் சேலையின் கிழிசல்.

இடையில் மழை இல்லை என்று தெருவில் சொன்னார்கள். சாவி ஒன்றுதான், அது ஆஸ்பத்திரியில் தந்த அக்காவின் பையில் இருந்தது. ஆனால் கொல்லை வேலியைத் தாண்டுவது கடினமில்லை. மூன்று வீடுகளில் விசாரித்தேன். இரண்டு வீட்டில் தெரியாது என்றார்கள். சின்னம்மா மட்டும் கோபித்துக்கொண்டார்:

"ஓட்டக் கொடத்த நான் தொடுவனா? வேற ஆளப் பாருங்க."

அக்காவை அரியலூருக்குக் கொண்டு சென்ற ஆசிரியைகளுக்கும், கடைசி நான்கு நாள் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், ஆண்டிமடத்தில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இருபது நாள் அந்தப் பானைகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர் அவர். பச்சைச் சேலை அந்தத் தெருவில் பலரிடம் உண்டு. அவர் யார் என்பது, அக்காவின் இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகும் இன்றுவரை எனக்கு உறுதிப்படவில்லை.