லேத்துக்குக் கட்டிய மாலை

எனக்கு ஓ.டி. என்ற ஓவர்டைம் வேலை கிடைத்தால் அதை வீட்டில் சந்தோஷமாகச் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு இருப்பதா என்று இன்றைக்கும் தெரியவில்லை. நான் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் கம்பெனியில் வண்டி பூட்டும் லைனில் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் ஓசூரில், பெட்ரோல் வண்டி இன்ஜினுக்கு வால்வு கடையும் சின்னக் கம்பெனியில் லேத் ஓட்டினார். மின்சார வண்டியில் வால்வே கிடையாது. அப்படியென்றால் நான் ஒரு வண்டி கூடுதலாகப் பூட்டினால் அவருக்கு வேலை குறைகிறதா? இதை யாரிடம் போய்க் கேட்பது? எங்கள் கம்பெனியில் வகுப்பெடுக்க வந்தவர், புகை குறையும், நாட்டுக்கு நல்லது என்றார். நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். சிப்காட் ரோட்டுப் புகையில் ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்று பார்த்தால் யாரும் நம்புவார்கள். ஆனால் என் வீட்டுக்காரர் கம்பெனியில் ஆர்டர் குறைந்து ஒரு ஷிப்டை நிறுத்தியதிலிருந்து, அந்தப் புகையின் மேல் எனக்கு முழுசாகக் கோபம்கூட வரமாட்டேன் என்கிறது. அப்போதெல்லாம் அவர் வேலை நிலைக்குமா என்ற பயம்தான் எந்நேரமும்.

அவர் போச்சம்பள்ளிப் பக்கத்துக் கல்லாவி ஊர்க்காரர், நான் தேனிப் பக்கம். குடியிருப்பது ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் வாடகை வீட்டில். நான் வாங்கிய ஸ்கூட்டருக்கு அவர் வைத்த பேர் ஊமை.

"சத்தமே வராததெல்லாம் ஒரு வண்டியா?" என்பார்.

"உங்க சத்தத்துக்கே எனக்குக் காது பத்தலை. வண்டி வேற கத்தணுமாக்கும்?" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

ஆயுத பூசைக்கு அவருடைய லேத்துக்கு வருஷா வருஷம் மாலை கட்டுவது நான். கடை மாலை அந்த மெஷினுக்கு எட்டாது. போன வருஷமும் முதல் நாள் சாயங்காலம் சாமந்தி வாங்கிவந்து கட்டினேன். கட்டிக்கொண்டே, லைனில் வண்டி குவிகிறது, இந்த வாரமெல்லாம் ஓ.டி. என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து நூல் வெட்டிக் கொடுத்தார்.

பூசையன்று மதியம் பொரிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். பையில் என் மாலை அப்படியே இருந்தது.

"அங்க பூ நெறைய வந்துட்டுது. இத ஊமைக்குப் போட்டுடலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. விரல் நோகக் கட்டியதைத் திருப்பிக் கொண்டுவருவார்களா? ஆனால் அவரே வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையை இரண்டு சுற்றுச் சுற்றிப் போட்டார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஏறி உட்கார்ந்தார். சூடம் காட்டும்போது வண்டியைக் கிளப்பி ஆக்சிலேட்டரை உறுமவிடுவது அவர் வழக்கம். பட்டனை அழுத்தினார். சத்தம் வரவில்லை. கிளம்பவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தினார்.

"ஆன் ஆயிருச்சுங்க" என்று நான் சொல்லி முடிக்குமுன் பழைய பழக்கத்தில் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டார். பழத்தை நசுக்கிக்கொண்டு ஓடிய வண்டி காம்பவுண்டுச் சுவரில் முட்டி அவரையும் கீழே தள்ளியது.

"ஏனாயித்து, ஏனாயித்து?" என்று வீட்டு ஓனர் அம்மா கன்னடத்தில் பதறிக்கொண்டு ஓடிவந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கீழே கிடந்தவர் மணிக்கட்டு வீங்குவதைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது.

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "மாலையைப் பேசாம மெஷினுக்கே போட்டிருந்தா இந்த வம்பு உண்டா?"

"மெஷின் இருந்தாத்தான போடறதுக்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "போன வாரமே வித்து லாரில ஏத்திட்டாங்க. இத்தினி நாளா ஷெட்ட கூட்டிகினு இருந்தன். இன்னிக்கு அதுவும் வாணாம்னுட்டாங்க."

"நேத்து நான் மாலை கட்டும்போதே சொல்றதுக்கென்ன?"

"நீ ஓ.டி. கதைய அவ்ளோ சந்தோஷமா சொல்லிகினு இருந்த. எப்படி சொல்றது?"

யார் மேல் கோபப்படுவது? வண்டி மேலா, அவர் மேலா, என் வாய் மேலா? பொரியை அள்ளி அவர் இடது கையில் வைத்தேன். அவர் தின்னவில்லை.

"இந்தா," என்றார், "உங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களான்னு கேளேன். ஊமைன்னு கிண்டல் பண்ணத மனசுல வச்சிக்காத."

எங்கள் லைனில் எடுப்பதெல்லாம் இருபது வயசுப் பெண்களை. அவருக்கு நாற்பத்தைந்து. அது அவருக்கும் தெரியும்.

"கேக்கறேங்க" என்றேன்.