அப்பாவின் பேருக்கு மேலே ஒரு கடகம்

எங்கள் ஊர்ச் சந்தியில் நிற்கிற போர் நினைவுத்தூணை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயது போனால் கோபம் ஆறும் என்கிறார்கள். யாருக்கு ஆறுமோ தெரியாது, எனக்கு ஆறவில்லை.

தூண் வருமுன் அந்த இடத்தில் ஒரு சுமைதாங்கி நின்றது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருந்தார்கள். பிள்ளை வயிற்றோடு செத்துப்போன யாரோ ஒருத்தியின் நினைவாக அவளுடைய ஆட்கள் எந்தக் காலத்திலோ கட்டியது. கரையிலிருந்து தலையில் பனையோலைக் கடகம் நிறைய மீனோடு வரும் பெண்கள் அதில் சுமையைச் சரித்து வைத்து, கழுத்தைத் தேய்த்துவிட்டு, ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டு சந்தைக்கு நடப்பார்கள். நிறைந்த கடகத்தைத் தனி ஆளாக நிலத்தில் இறக்கவும் முடியாது, திரும்பத் தூக்கவும் முடியாது. கை கொடுக்க ஆள் இல்லாதவளுக்குத்தான் சுமைதாங்கி. என் அம்மாவுக்கு ஆள் இல்லை. அப்பா இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரனின் கப்பலில் சேர்ந்து போனவர், அந்தக் கப்பலோடேயே போய்விட்டார். ஒரே மகள் நான் அப்போது கைக்குழந்தை.

ஐம்பதுகளின் கடைசியில், நான் படிப்பை முடித்து வீட்டில் இருந்தபோது, சண்டைக்குப் போன ஊர் ஆட்களுக்குத் தூண் எழுப்ப ஒரு சபை கூடியது. தலைவர் பென்சன் எடுத்த பெரிய கிளாக்கர். சண்டைக் காலம் முழுக்கக் கொழும்புக் கந்தோரில் ஃபானுக்குக் கீழே இருந்த வீரர்! பேர் எழுத எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"மனிசன்ரை பேரைச் சொல்லு பிள்ளை."

அம்மா என்னைப் பார்த்தார். புருஷன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் எங்கள் பெண்களிடம் இல்லை. அப்பாவுக்குச் சாமி பேர். அதனால் அம்மா கோயிலில்கூட வாய்க்குள்தான் கும்பிடுவார்.

"நீ சொல்லு மோனை" என்று என்னை முன்னுக்குத் தள்ளினார். நான் சொன்னேன்.

தலைவர் எழும்பும்போது அம்மா கேட்டார்: "ஐயா, சுமைதாங்கியை இடிக்கப் போறியளாம். தூணிலையாவது கடகம் இறக்க ஒரு இடம் விடுங்கோவன்."

"ஓமோம், பாப்பம்" என்றார். நன்றாகத்தான் பார்த்தார். சுமைதாங்கியை இடித்து, தூணை எழுப்பி, சுற்றிவரச் சங்கிலியும் போட்டுவிட்டார்.

தூணுக்கு அடியில் தோளளவு உயரத்தில் ஒரு பீடம். அதன் முகப்பில் பேர்கள் கொத்திய கல். எல்லாவற்றுக்கும் கீழே, எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில், தலைவரின் பேர். திறப்பு விழாவுக்கு நீர்வேலியிலிருந்து குலைவாழை வந்தது, மேளம் வந்தது. தலைவர் மைக்கைப் பிடித்து, "ஊரின் சுமையைத் தாங்கிய வீரர்கள்" என்று தொண்டை கட்டும் வரைக்கும் முழங்கினார். அம்மா கூட்டத்தின் கடைசியில் நின்று கவனமாகக் கேட்டார்.

அடுத்த நாள் காலை அம்மா சங்கிலியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கடகத்தைப் பீடத்தில் இறக்கினார், நேரே அப்பாவின் பேருக்கு மேலே. மீன் தண்ணீர் கல்லில் வழிந்தது. வழிந்து வழிந்து கடைசியில் தலைவரின் பேரிலும் இறங்கியது. அதுதான் அவருக்குச் சுட்டிருக்க வேண்டும். எதிர்க் கடையிலிருந்து ஓடிவந்தார்.

"உனக்கென்ன விசரே? மரியாதையான இடத்திலை மீன் நாத்தம்!"

"நேத்து நீங்கள்தானே ஐயா மைக்கிலை சொன்னியள், சுமை தாங்கின ஆக்கள் எண்டு? தாங்கட்டும். என்னை விட்டிட்டுப் போன மனிசன், இப்பவாவது ஒருக்காக் கை குடுக்கட்டும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவரின் முகம் கறுத்தது. "இன்னொருக்கா வைச்சியெண்டால், உன்ரை மனிசன்ரை பேரைக் கொத்தி எடுத்துப்போடுவம். சொல்லிப்போட்டன்."

அன்று முழுக்க நான் அம்மாவின் பின்னால் அழுதுகொண்டு திரிந்தேன். அப்பாவுக்கென்று வீட்டில் ஒரு படம் இல்லை. சாம்பல்கூட இல்லை. உலகத்தில் அவர் இருந்ததற்குச் சாட்சி அந்தக் கல்லில் இருந்த பேர் ஒன்றுதான். போகவர அதை விரலால் தடவிவிட்டு வருகிறவள் நான். "வேண்டாம் அம்மா, விடுங்கோ" என்று கெஞ்சினேன்.

"பேருக்கு மாலை போட வருசத்திலை ஒருநாள் வருவினம்" என்றார் அம்மா. "எனக்கு நாளாந்தம் கழுத்து நோகுது."

மறுநாளும் இறக்கினார். அதற்கடுத்த நாள் நானும் கூடப் போனேன். பேர் இருந்த இடத்தில் உளி கொத்திய பள்ளம் இருந்தது. அடியில் வெள்ளைத் தூள் கொட்டிக் கிடந்தது. கோதாரியில் போவார், உண்மையாகவே செய்துவிட்டார்கள்! எதிர்க் கடை விறாந்தையில் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அம்மா பள்ளத்தைப் பார்த்தார். சங்கிலியைக் கழற்றினார். கடகத்தை இறக்கினார். தலைச்சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு சந்தியைப் பார்த்துத் திரும்பி, மீன் கூவுகிற அதே குரலில், அப்பாவின் பேரைச் சொன்னார். தகப்பன் பேரோடு சேர்த்து, முழுசாக. அந்த வாயிலிருந்து அந்தப் பேரை நான் கேட்டது அதுதான் முதல் தரம். சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்றார்கள். வெற்றிலைக் கடைக்காரர் வாயைப் பிளந்தபடி பார்த்தார்.

"என்ரை மனிசன்!" என்றார் அம்மா. "சண்டைக்குப் போனவர். உதிலை இருந்தவர்."

அதன்பிறகு தினமும் அதுதான். கடகம் இறங்கும், பேர் எழும்பும். மற்றப் பெண்களும் கடகங்களைக் கொண்டுவந்து வரிசையாக இறக்கத் தொடங்கினார்கள். சங்கிலியைத் திரும்பக் கொளுவ ஆளில்லாமல் போயிற்று. சந்தியில் விளையாடுகிற பொடியள்கூட அப்பாவின் பேரைப் பாட்டாக்கிக் கத்தினார்கள். கல்லில் மிஞ்சியிருந்த பேர்களில் ஒன்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த வருடம் தூணுக்கு மாலை போடுகிற நாள் நெருங்கியபோது தலைவர் வீட்டுக்கு வந்தார். இந்த முறை குரல் தணிந்திருந்தது.

"பேரைத் திரும்பக் கொத்துவிக்கிறன் பிள்ளை. நீ உந்தக் கூவுறதை நிப்பாட்டு."

அம்மா மீன் செதிலைக் கையிலிருந்து வழித்துப் போட்டார்.

"உங்கடை கல்லை நீங்களே வைச்சிருங்கோ ஐயா. எனக்கு வாய் இருக்கு."