சொன்னதை மட்டும் சொல்

எனக்கு வாய் நீளம் என்பது வாலாஜாபாத்தில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அந்த வாய்க்கு வேலை வந்தது. பக்கத்து வீட்டுத் தோழியைப் பெண் பார்க்க மெட்ராஸிலிருந்து வருகிறார்கள். வருகிற அம்மாளுக்கு இங்கிலீஷைத் தவிர வேறு பேச்சு கிடையாது. பெண்ணின் அம்மாவுக்கு உருதுவும் கொஞ்சம் தமிழும். நடுவில் உட்கார்ந்து மாற்றி மாற்றிச் சொல்ல நான்.

எங்களுடையது பயிர் வைக்கிற குடும்பம். பக்கத்து வீட்டிலேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, அங்கேயே அடி வாங்கி வளர்ந்ததில் எனக்கு உருது ஒட்டிக்கொண்டது. தோழி தன் அம்மாவை அம்மி என்பாள், நான் காலா என்றுதான் கூப்பிடுவேன். சின்னம்மா என்று அர்த்தம். இங்கிலீஷ் வந்தது மெட்ராஸில், கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில். அங்கே தமிழ் பேசினால் முட்டி போட வேண்டும். என் இங்கிலீஷின் அருமை என் முட்டிக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை, அக்கா தங்கையும் இல்லை. சீமைக்கு வேலைக்குப் போன அண்ணன் அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அப்போது லீவில் வந்திருந்தார். காலா வீட்டில் ஆண்கள் முன்கட்டில், பெண்கள் உள்கட்டில், நடுவில் திரை. அயல் ஆண் யாரும் அதைத் தாண்ட முடியாது. ஆகவே புருஷன் வந்து பெண்டாட்டிக்கு எடுத்துச் சொல்ல வழியில்லை. பெண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய ஒரே ஆள் அந்த வெள்ளைக்காரம்மா.

முதல் நாள் கிணற்றடியில் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். காஞ்சிபுரத்தில் ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ரம்ஜான் முடிந்ததும் கல்யாணம், படிப்புக்கு முழுக்கு என்று காலா முடிவு செய்திருந்தார்.

"மாப்ள நல்லவருன்னுதான் சொல்றாங்க. நான் வேணான்னு சொல்லலடி. அந்த ஒரு வருசத்த மட்டும் எப்படியாச்சும் வாங்கிக் குடு. நாளைக்கு நீதான எனக்கு நாக்கு."

காலாவுக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது. சாயங்காலமே என்னைக் கூப்பிட்டார். "தோ பாரு, உன் வாலெல்லாம் சுருட்டி வெச்சுக்க. நான் சொன்னத மட்டும் சொல்லு. மேல ஒரு வார்த்த சேத்தே, தோல உரிச்சிடுவேன்." தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்துத் தொலைத்தேன்.

மறுநாள் காலையில் வரவேண்டிய கார் மத்தியானம்தான் வந்தது. ஒரகடத்தில் இன்ஜின் கொதித்து, ஏரித் தண்ணீரை மொண்டு ஊற்றிக் கிளப்பினார்களாம். வெள்ளைக்காரம்மா புடவையில் வந்திருந்தார். ஏகப்பட்ட ஊக்குகள் குத்தி, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது.

உருதுக்காரர் வீட்டில் ஒரு மரியாதை உண்டு. தன் வீட்டை, தன் சோற்றை, தன் பிள்ளையைத் தானே தாழ்த்திச் சொல்ல வேண்டும். எதிராளி "ஐயோ, அப்படியெல்லாம் இல்லை" என்று தூக்கிவிட வேண்டும். மாடி வீடானாலும் அது கரீப் கானா, அதாவது ஏழைக் குடிசை. காலா இதில் கைதேர்ந்தவர்.

"இந்தக் குடிசையில் உங்கள் பாதம் பட்டதே எங்கள் பாக்கியம்" என்றார் உருதுவில். சத்தியம் செய்தவள் அல்லவா, அப்படியே இங்கிலீஷில் இறக்கினேன். வெள்ளைக்காரம்மா தேக்குத் தூண்களைப் பார்த்தார், மேலே மாடியைப் பார்த்தார், கடைசியில் தன் பாதத்தையும் பார்த்துக்கொண்டார்.

பிரியாணி பெரிய தேக்சாப் பாத்திரத்தோடு வந்தது. தால்சா, கத்திரிக்காய்ப் பச்சடி, ரொட்டி அல்வா என்று இடமில்லாமல் பரப்பினார்கள். "ஒன்றுமே சமைக்கவில்லை. இதெல்லாம் வாயில் வைக்கவே முடியாது" என்றார் காலா, முகமெல்லாம் மலர்ச்சியாக. சொன்னேன். வெள்ளைக்காரம்மா வாய்வரை கொண்டுபோன ஸ்பூனை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஏண்டி நிறுத்திட்டாங்க?" காலா பதறிப்போய்த் தமிழுக்கு வந்துவிட்டார்.

"வாயில வெக்க முடியாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"அப்படின்னா சாப்பிடுங்கன்னு அர்த்தம்டி, சனியனே."

"அத நீங்க சொல்லலியே காலா. சொன்னத மட்டும்தான சொல்லணும்?"

தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. எனக்குச் சிரிப்பு பொங்கி விக்கலாக மாறிவிட்டது. விக்கலோடு விக்கலாக, தாராளமாகச் சாப்பிடலாம் என்று அந்த அம்மாளுக்குச் சொல்லிவைத்தேன்.

அப்புறம் பெண் வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்தாள். காலா பெருமூச்சு விட்டு ஆரம்பித்தார். "இவளுக்கு என்ன தெரியும். ஒன்றும் தெரியாத மண்டு. உங்கள் காலடியில் கிடந்து ஏதாவது கற்றுக்கொள்ளட்டும்."

ஒரு எழுத்து குறையாமல் சொன்னேன். முக்காடு குலுங்கியது. அடியில் கழுதை சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக்காரம்மா சிரிக்கவில்லை. முகம் கவலையாகிவிட்டது. "பள்ளிக்கூடம் போயிருக்கிறாளா?" என்று கேட்டார். காலா இன்னும் ஒரு படி இறங்கினார். "ஏதோ வாத்தியார் படிப்பு என்று போகிறாள். ஒரு வருஷம் பாக்கி கிடக்கிறது. இவள் படித்து என்ன ஆகப்போகிறது, நிறுத்திவிடலாம்."

இதையும் அப்படியே இறக்கினேன். அந்த அம்மாள் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, காலாவின் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஒன்றுமே தெரியாத பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்துவது பாவம், அந்த ஒரு வருஷத்தை முடிக்கட்டும், நாங்கள் காத்திருக்கிறோம், என் கணவரிடம் நானே சொல்கிறேன் என்றார். எனக்கு எழுந்து ஆடவேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டு, தேன் ஒழுகும் உருதுவில் காலாவிடம் ஒப்படைத்தேன்.

காலாவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு வருஷத்தில் யார் மனது எப்படி மாறும்? வந்த வரன் கைநழுவிப் போகிறது என்று பயந்துவிட்டார். அந்தப் பயத்தில் மரியாதையெல்லாம் பறந்துபோனது. திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் இருப்பதையும் மறந்து மளமளவென்று கொட்டினார்.

"யார் சொன்னது தெரியாதென்று. நான் மஞ்சள்காமாலையில் படுத்தபோது விடியற்காலையில் எழுந்து எல்லாருக்கும் சமைத்து வைத்துவிட்டு, காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடித்தவள் இவள். கண் மங்கிப்போன அப்பாவுக்குத் தினமும் பேப்பர் வாசித்துக் காட்டுகிறவள் இவள். தெருப் பிள்ளைகளெல்லாம் இவளிடம்தான் எழுத்துப் பழகுகின்றன. இவள் போட்ட தையல் ஒன்று பிரிந்ததில்லை. இவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்குக் கையே இல்லை."

சொல்லி முடித்து மூச்சு வாங்கினார். பெண் பார்க்கிற இடத்தில் பெண் தலை நிமிரக் கூடாது. அவள் நிமிர்ந்துவிட்டாள். முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு விக்கல் நின்றுவிட்டது. அத்தனையையும் இங்கிலீஷில் சொன்னேன். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை தொடங்கித்தான் சொல்ல முடிந்தது.

வெள்ளைக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் இந்தப் பெண்ணைக் கட்டாயம் படிப்பை முடிக்க விட வேண்டும்" என்றார். தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். அல்வாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். காலா என்னைப் பார்த்த பார்வையில் பிரியாணியே கருகியிருக்கும். ஆனால் வரன் போகவில்லை. அடுத்த வருஷம் ரம்ஜானுக்குப் பிறகு என்று முன்கட்டில் பேசி முடித்தார்கள்.

கார் கிளம்பியதும் தோழியைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். "வாங்கிக் குடுத்தேனா இல்லியா? ஒரு வருசம்டி" என்று அவளைச் சுற்றிச் சுற்றிக் குதித்தேன்.

"அது கெடக்கட்டும். அம்மி இன்னா சொன்னாங்க, திரும்பச் சொல்லு."

"நீயும் அங்கதான குந்திகினு இருந்தே?"

"இருந்தேன். நீ சொல்லு."

உருதுவில் சொன்னேன். மறுபடி கேட்டாள், தமிழில் சொன்னேன். போதாதென்று இங்கிலீஷிலும் சொல்லவைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதில் கை என்பதற்கு எந்தச் சொல்லைப் போட்டேன் என்று கேட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சமையற்கட்டிலிருந்து காலாவின் குரல் கணீரென்று வந்தது. "எங்க போனா அந்த ஒண்ணும் தெரியாத மண்டு? பாத்திரமெல்லாம் யாரு எடுத்து வெப்பாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"கேட்டியாடி," என்றாள், "எங்கம்மி என்னப் புகழுறாங்க."