கார்டின் பின்பக்கத்தில் இருந்தவன்

நடந்ததைத்தான் சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். தாரகன் இதை என்னிடம் சொன்னபோது நானும் பாதிவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வர வேண்டுமா? உச்சி வெயிலில் வருவதுதான் பொல்லாதது என்பார்கள். இது வந்தது அரபு நாட்டில், தம்மாமின் ஜூலை மாத வெயிலில், பகல் பன்னிரண்டு பத்துக்கு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாரகன்மேல் எனக்கு இரக்கம் கிடையாது. அவன் பட்டதெல்லாம் அவனாகத் தேடிக்கொண்டது.

அவன் சிலோன்காரன், ஊர் அளவெட்டி. தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனி ஆபீசில் பைல் பார்க்கிற வேலை. மனைவி வதனா ஊரில். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. புத்தகம் மட்டும்தான். நான்கு வருடங்களுக்கு முன் ஓர் அமெரிக்க இன்ஜினியர் வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது, இரண்டு பெட்டி நிறையப் புத்தகங்களைக் குப்பைத்தொட்டி ஓரம் வைத்துவிட்டுப் போனார். இவன் தூக்கி வந்தான். அத்தனையும் பேஸ்பால் பற்றியவை. அந்த விளையாட்டை இவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியவன். தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடுவார்களே, அந்த விளையாட்டு. பத்துப் பக்கம் படித்ததும், "அட, இது எங்கட எல்லேயின்ர அண்ணன்!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

படிக்கப் படிக்க அந்த ஆட்டக்காரர்களின் முகத்தைப் பார்க்க ஆசை வந்தது. அறுபது எழுபது வருடங்களுக்கு முன் சூயிங்கத்தோடு சேர்த்து விற்ற கார்டுகள் இருக்கின்றன. முன்னால் ஆளின் படம், பின்னால் அவர் ஆடிய ஆட்டங்களின் விவரம். அதைத் தேட ஆரம்பித்தான். ஊரைவிட்டுப் போகிற அமெரிக்கர்கள் பழைய சாமான் விற்றால் முதல் ஆளாகப் போய் நிற்பான். கார்டின் மூலை மடங்கியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பான். ஆசை பித்தாகிவிட்டது.

அவன் படித்த ஒரு புத்தகத்தில், ஒரே ஒரு பருவம் பந்து வீசிவிட்டுக் காணாமல் போன ஒருவரைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. மொத்தம் பதினொரு ஆட்டம். அந்த அரைப் பக்கத்தை இவன் மனப்பாடமாகச் சொல்வான். அந்த மனிதரின் கார்டுக்காக மூன்று வருடம் அலைந்தான். கிடைக்கவில்லை.

ஒரு வியாழன் சாயங்காலம் கார்மேகம் அதைக் கையில் கொண்டுவந்து கொடுத்தான்.

கார்மேகம் கமுதிப் பக்கத்து ஆள். கட்டடம் இடிக்கிற கூட்டத்தில் வேலை. அந்தக் காலத்தில் அமெரிக்கர்கள் குடியிருந்த ஒரு பழைய வீட்டில் சுவிட்ச் போர்டைக் கழற்றியபோது, சுவருக்குள் சொருகியிருந்ததாம்.

"சார், நீங்க இந்த மாதிரி அட்டை சேக்குறீங்கன்னு கேம்ப்ல சொன்னாங்க. ஆனா நான் அதுக்காகக் கொண்டாரல. பின்னால பாருங்க."

பின்னால் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது. ஒரு பெயர். ஓர் ஊர். அதன் கீழே ஒரு வரி. 'இங்கேதான் இருக்கிறேன்.'

அந்தப் பெயரை நான் இங்கே எழுதியாக வேண்டும். என்னால் முடியாது. ஏன் என்று பிறகு தெரியும்.

"எங்க பக்கத்து ஊரு சார். அந்தக் காலத்துல வேலைக்கு வந்த ஆளா இருக்கும். போனவன் திரும்பலைன்னு யாராச்சும் இன்னமும் காத்துக்கெடப்பாக. நீங்க படிச்சவுக. கொஞ்சம் விசாரிச்சுக் குடுங்க சார்."

"ஓம், ஓம். நான் விசாரிச்சுச் சொல்லுறன். நீர் யோசியாதையும்."

சொல்லும்போதே இவன் கண் கார்டின் முன்பக்கத்தில் இருந்தது. அதே முகம். அந்தப் பதினொரு ஆட்டக்காரர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜுமா தொழுகைக்கு ஆட்கள் போய்விட, தாரகன் தங்கியிருந்த கட்டடமே காலியாகியிருந்தது. பின்பக்கம் பென்சில் எழுத்து இருந்தால் கார்டு இரண்டாம் தரம். அதை அழித்துவிட்டு முதல் தரம் என்று காட்டுவது திருட்டு. இரண்டும் கார்டு சேர்க்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். தாரகன் ரப்பரை எடுத்தான். அழிப்பதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கலாம். ஒரு நொடி வேலை. எடுக்கவில்லை. வாக்குக் கொடுத்த வாய் காய்வதற்குள் வேலையை முடித்துவிட்டான், பாவி.

சர்... சர்... சர்...

மணி பன்னிரண்டு பத்து.

ஊரை அழித்தான். வரியை அழித்தான். கடைசியாகப் பெயரை அழித்தான். தூளை ஊதிவிட்டு ரப்பரைக் கீழே வைத்தான்.

சர்... சர்... சர்...

சத்தம் நிற்கவில்லை.

சுவருக்குள்ளிருந்து வந்தது. பத்து எண்ணுவதற்குள் நின்றுவிட்டது. ஏசிக் குழாயாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு சோறு சாப்பிடப் போனான்.

ஞாயிறு காலை ஏழு இரண்டு. ஆபீஸ் வாசலில் விரல் வைக்கிற மெஷின். வைத்தான். "ட்ரை அகெய்ன்" என்றது. துடைத்துவிட்டு வைத்தான். "ட்ரை அகெய்ன்." வியர்வை என்று நினைத்தான். திங்களும் அப்படியே. செவ்வாயும் அப்படியே.

புதன்கிழமை டைம்கீப்பர் மீராசா கூப்பிட்டார். ஆறு வருடப் பழக்கம்.

"காலைல உங்க வெரலே விழல. ஆனா மத்தியானம் பன்னெண்டு பத்துக்கு விழுந்திருக்கு. தெனமும். அப்ப எங்க இருந்தீங்க?"

"மெஸ்ஸிலை. சாப்பிட்டுக்கொண்டு."

மீராசா லிஸ்ட்டைத் திருப்பிக் காட்டினார். தாரகனின் நம்பர் இருந்தது. படம் இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

"எழுதிப் போட்டுர்றேன். உங்க பேரு... என்ன பாய் உங்க பேரு?"

தமாஷ் என்று தாரகன் சிரித்தான். மீராசா சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தாரகன் தன் வலது கைப் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தான். ரப்பரை அழுத்திய விரல். அதில் ரேகை இல்லை. வழுவழுவென்று இருந்தது.

அன்று சாயங்காலம் வதனாவுக்குப் போன் போட்டான்.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தானப்பா."

"நான் எண்டால் ஆர்? பேரைச் சொல்லுங்கோ."

சொன்னான். அவள் அதை ஒருமுறை எழுத்துக்கூட்டிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "ஓ... நீங்களே" என்றாள். அதற்கப்புறம் பேச்சு முழுதும் வேற்று ஆளிடம் பேசுவதைப் போலவே பேசினாள். போனை வைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. பெண்டாட்டிக்கே தன் பெயர் மறந்துபோகிறது என்றால் அப்புறம் மனிதனுக்கு என்ன இருக்கிறது?

காரணம் அவனுக்குப் புரிந்துவிட்டது. எடுத்ததைத் திருப்பி வைத்தால் விட்டுவிடும் என்று நினைத்தான். அழித்த பெயரை அதே இடத்தில் திரும்ப எழுத வேண்டும், அவ்வளவுதான்.

மறுபடியும் வெள்ளிக்கிழமை. மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. கட்டடம் காலி. கார்டைத் திருப்பி வைத்தான். பென்சிலை எடுத்தான்.

பெயர் ஞாபகம் வரவில்லை.

முதல் எழுத்துகூட வரவில்லை. அந்த அரைப் பக்கம் வரிக்கு வரி வருகிறது. பதினொரு ஆட்டமும் வருகிறது. அந்தப் பெயர் மட்டும்... வெள்ளை.

பன்னிரண்டு ஆறு. கார்மேகத்துக்குப் போன் செய்தான்.

"கார்மேகம், அந்தக் கார்டிலை இருந்த பேர் என்ன?"

"விசாரிச்சீகளா சார்?"

"பேரைச் சொல்லும் முதல்லை!"

"என்ன சார் இப்புடிக் கேக்குறீங்க? தாரகன்னு எழுதியிருந்துச்சு."

"என்ன?"

"தாரகன். ஊரு அளவெட்டி. அது எங்க சார் இருக்கு? சிலோன்னு யாரோ சொன்னாக. அதான உங்ககிட்டக் கொண்டாந்தேன்."

"அது என்ர பேரடா! உன்ர பக்கத்து ஊர் எண்டெல்லே அண்டைக்குச் சொன்னாய்!"

"உங்க பேரா..." கார்மேகம் தயங்கினான். "மன்னிச்சுக்குங்க சார். நீங்க யாரு பேசுறது?"

போன் கையிலிருந்து நழுவியது.

பன்னிரண்டு பத்து.

சர்... சர்... சர்...

சுவருக்குள்.

தலைமாட்டுச் சுவர். பிறகு கதவோரச் சுவர். பிறகு... அவன் சாய்ந்திருந்த சுவர்.

முதுகில் அதிர்ந்தது.

சர்... சர்...

நின்றது.

காதோரம் ஒரு குரல். சிமென்ட் அடைத்த தொண்டை.

"எம் பேரு எங்கடா?"

அவன் வாயைத் திறந்தான்.

"எங்கடா?"

கார்டு தரையில் கிடக்க, செருப்புகூடப் போடாமல் கொதிக்கிற தெருவுக்கு ஓடிவந்துவிட்டான். அந்த அறைக்கு அவன் திரும்பவே இல்லை. அவசர லீவு போட்டு, மூன்றாம் நாள் விமானம் ஏறினான். ஏர்போர்ட்டில் வலது கை விரல் ஒன்றையும் மெஷின் ஏற்கவில்லை. இடது கைதான் அவனை வெளியே விட்டது.

அளவெட்டிக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தான். வதனா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான். அழித்தவனுக்கு அவ்வளவு சுலபமாக விடுதலையா?

வந்த பத்தொன்பதாம் நாள், பிற்பகல் இரண்டு நாற்பது. தம்மாமில் அப்போது பன்னிரண்டு பத்து. வதனாவின் போன் அடித்தது. தாரகன் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, தம்மாம்ல இருந்து கௌஸ் முகைதீன் பேசுறேன். இங்க இறந்துபோறவங்களோட பேப்பர் வேலையெல்லாம் பாத்துக் குடுக்குறவன். நீங்க தாரகனோட சம்சாரமா?"

"ஓம்..."

"மனசத் தைரியமா வச்சுக்கங்கம்மா. ஒரு பழைய வீட்டை இடிச்சப்ப சுவருக்குள்ள எலும்பு கெடச்சிருக்கு. அந்தச் சுவர் பூசி நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சுங்கிறாங்க. எனக்கும் ஒண்ணும் வெளங்கல. ஆனா உள்பக்கப் பூச்சுல பென்சில்ல பேரும் ஊரும் தெளிவா எழுதியிருக்கு. தாரகன், அளவெட்டின்னு. அந்தப் பேர்லயே நேத்து அடக்கம் பண்ணிட்டாங்க."

தாரகன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். வதனா அவனையே பார்த்தாள்.

"இவர் இஞ்சை எனக்கு முன்னாலை இருக்கிறார். உங்களுக்கு என்ர நம்பரை ஆர் தந்தது?"

"யாரும் தரலம்மா. பேருக்குக் கீழ அதையும்தான் எழுதியிருந்துச்சு."

வதனா அந்த சிம்மை வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை.