இடுக்கில் அடைத்த பனியன் வேஸ்ட்

பெருமாநல்லூர் வெயிலில் வளர்ந்த நானும் கணவரும் கிறிஸ்தவ ஊழியத்துக்காக ஆப்பிரிக்க மலையூர் ஒன்றில் குடியேறினோம். குளிர் தாங்கவில்லை. பாத்திரம் உடையாமலிருக்கப் பெட்டியில் திணித்து வந்த, பனியன் கம்பெனியில் கழித்துப்போட்ட வேஸ்ட் துணியால் ஜன்னல் இடுக்கையெல்லாம் அடைத்து, கரியடுப்பை உள்ளே வைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டு மார்த்தாவும் ஆசையாகக் கேட்டாள். மீதியைக் கொடுத்தேன். அவளும் அன்றிரவே எங்களைப் போல ஜன்னலை அடைத்துக் கரியடுப்பை உள்ளே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எழ முடியாமல் தலை சுற்றியது. கணவர் தவழ்ந்துபோய்க் கதவைத் திறந்தார். அடைத்த அறையில் கரியின் நச்சுக்காற்று சேர்ந்திருக்கிறது.

"ஏனுங்க, மார்த்தாகிட்டச் சொல்லோணுமுங்க."

"ஆண்டவர் காப்பாத்தியிருக்காரு அம்மிணி. ஸ்தோத்திரம் பண்ணிட்டுப் போலாம்."

அரைமணி நேரம் ஸ்தோத்திரம் செய்துவிட்டுப் போய் மார்த்தாவின் கதவை உடைத்தோம். உயிர் இல்லை. உடம்புச் சூடு மட்டும் ஆறியிருக்கவில்லை.

இப்போது எந்த வீட்டுக்கு ஜெபிக்கப் போனாலும் முதலில் ஜன்னலைத் திறக்கிறேன். நான் திறந்துவிட்டுத் திரும்பும்வரை அவரும் ஜெபத்தைத் தொடங்குவதில்லை.