ஒரு விரிப்புக்கு நாலு தலை

2-2-2016 — 1,800
1-2-2017 — 1,800
3-2-2018 — 2,100
2-2-2019 — 2,400
5-2-2022 — 2,900
2-2-2023 — 3,200
22-4-2023 — 500

முதல் ஆறும் விரிப்பக்கா பூங்காவுக்குக் கட்டிய வருட பாஸ் கட்டணம். நடுவில் இரண்டு வருடம் பூங்காவே மூடிக் கிடந்தது. கடைசி வரி மட்டும் அவர் கைக்கு வந்த பணம். அந்த ஒரு வரி மற்ற ஆறையும் தின்றுவிட்டது.

எங்கள் கேளிக்கைப் பூங்காவில் தினமும் மாலை ஐந்து மணிக்கு அணிவகுப்பு. வாத்தியக்காரர்கள், கட்டைக்கால் மனிதர்கள், பொம்மைத் தலை மாட்டிய கரடி, முயல், கடைசியில் சக்கரம் வைத்த பெரிய திமிங்கிலம். முன்வாசலில் கிளம்பி ஏரிக்கரையில் முடியும். நடுவில் ஐஸ்கிரீம் கடைக்கு எதிரே பாதை வளைகிறது. திமிங்கிலம் அந்த வளைவில் ஒரே மூச்சில் திரும்பாது. நின்று, பின்வாங்கி, மறுபடி முன்னால் வந்து, அதற்குப் பிறகுதான் போகும். ஆகவே பூங்காவிலேயே நல்ல இடம் அதுதான். அந்த இடத்துக்குத்தான் அடிதடியும்.

வளைவின் விளிம்புக் கல்லில் தினமும் உட்காருபவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர். பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளி என் வீடு. நான் சரக்குக் கூடத்தில் எடைமேடைக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அதனால் அங்கே எனக்குக் கணக்கையா என்று பெயர். கழுத்தில் மூன்று கேமராவோடு வருபவர் கேமராக்காரர். விரிப்பக்கா, விரிப்பக்காதான்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். கல்யாணம் ஆகாதவர். விரலிடுக்குகள் சோடாக் காரத்தில் வெளுத்திருக்கும். ஆஸ்பத்திரி கழித்துப் போட்ட படுக்கை விரிப்புகளை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். நீலக்கரை போட்டவை, ஒரு மூலையில் சலவைப் பிரிவின் முத்திரை. ஒரே உதறலில் நான்கு மூலையும் தரையில் படியும். அதில் ஒரு சுருக்கத்தை நான் பார்த்ததில்லை.

வளைவுக்கு வந்த முதல் வருடம் அவர் கண்டது வெறும் தள்ளுமுள்ளு. மெதுவாக அதற்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தவர் அவர். பூங்கா நிர்வாகம் போட்ட சட்டம் வேறு. இது விளிம்புக் கல்லின் சட்டம். ஆளில்லாத விரிப்பு இடம் பிடிக்காது. பைக்கு மதிப்பில்லை. "செருப்புக்கு மட்டும் பத்து நிமிஷம் தரலாம், வெறுங்காலோட ரொம்ப தூரம் போக மாட்டான்" என்பார். ஒரு விரிப்புக்கு நாலு தலை, அதற்கு மேல் கிடையாது. குழந்தையைத் தோளில் ஏற்றுகிறவன் கடைசி வரிசைக்குப் போகவேண்டும். ஊழியர்கள் கயிறு கட்டிய பிறகு வருகிறவன் வந்த வழியே போகவேண்டும். கழிப்பறைக்குப் போவதானால் வலப்பக்கத்து ஆளிடம் "பார்த்துக்கோங்க" என்று சொல்லவேண்டும். அவர் "சரி" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். தலையாட்டினால் செல்லாது. "சரி" வந்துவிட்டால் திரும்பிப் பார்க்காமல் போகலாம். திரும்பிப் பார்த்தால் அது பக்கத்து ஆளுக்கு அவமானம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: காசு கூடாது. ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் நோட்டை நீட்டினார். விரிப்பக்கா ஒதுங்கி இடம் கொடுத்தார், நோட்டைத் தொடவில்லை. அவர் போன பிறகு சொன்னார்:

"இடத்துக்கு விலை வச்சிட்டா, பக்கத்துல உக்காந்திருக்கிறவன் பக்கத்து ஆள் இல்ல கணக்கையா. பக்கத்துக் கடை."

தினமும் அதே கூத்தை என்னத்துக்குப் பார்க்கிறீர்கள் என்று கேமராக்காரர் அவரைச் சீண்டுவார்.

"எனக்குக் கையாட்டுறாங்கல்ல?"

"அதுக்குத்தானேக்கா சம்பளம் வாங்குறாங்க!"

"வாங்கட்டுமே. சம்பளம் வாங்காம எனக்கு யாரு கையாட்டினா?"

அதற்குப் பிறகு கேமராக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அவருக்கு உறவென்று இருந்தது ஒரே தம்பி. பெற்றவர்கள் போன பிறகு அக்காதான் படிக்கவைத்தார். இடம் பிடிக்கும் வேலை அவருக்குப் பூங்காவில் தொடங்கவில்லை. தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்க இருட்டோடு வரிசையில் நின்றவர் அவர். கல்லூரி விண்ணப்பத்துக்கும் அவர்தான். தம்பி மனைவிக்கு டாக்டரிடம் டோக்கன் எடுக்க இன்றைக்கும் அவர்தான். வரிசை நகர்ந்து முன்னால் வந்ததும் தம்பி காரிலிருந்து இறங்கி வருவான், அக்கா விலகிக்கொள்வார். எழுதும்போது அந்த ஆளுக்கு "அவர்" போடுவதுதான் முறை. இரண்டு முறை போட்டுப் பார்த்து அடித்துவிட்டேன்.

தம்பி லிஃப்ட் நிறுவனம் ஒன்றில் விற்பனை மேலாளர். அந்த ஏப்ரலில் அவனுக்கு மேலே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. முதலாளியின் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். அணிவகுப்பை முதல் வரிசையில் காட்டுவது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டு அக்காவிடம் வந்தான்.

ஏப்ரல் இருபத்திரண்டு, சனிக்கிழமை. நான் போனபோது வளைவில் மூன்று விரிப்புகள் கிடந்தன. நடுவில் விரிப்பக்கா ஒருவர் மட்டும்.

"என்னக்கா, வார்டையே கொண்டு வந்துட்டீங்களா?" என்றார் கேமராக்காரர்.

"தம்பி வர்றான். முதலாளி குடும்பத்தோட, பன்னெண்டு பேரு. இன்னிக்கு ஒரு நாள் கண்டுக்காதீங்க."

"நாலு தலைன்னு சொன்னது யாரு?"

"மூணு விரிப்பு, பன்னெண்டு தலை. கணக்கையாவையே கேளுங்க, சரியா இருக்கா இல்லையா?"

"பன்னெண்டுன்னா, நீங்க எங்க உக்காருவீங்க?" என்றேன் நான்.

"நான் தரையில உக்காந்துக்கிறேன். இத்தனை வருஷத்துல எங்க போறேக்கான்னு அவன் கேட்டதே இல்லை. இன்னிக்குத்தான் என் இடத்தைப் பார்க்க வர்றான். திமிங்கிலம் திரும்ப முடியாம முழிக்கும்ல, அதைக் காட்டணும்."

சொல்லிக்கொண்டே, சுருக்கமே இல்லாத விரிப்பைத் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தார். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறுகிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

கூட்டம் சேர்ந்தது. நாலே காலுக்கு ஊழியர்கள் கயிறு கட்டினார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவரையும் காணோம். கயிற்றுக்குப் பின்னாலிருந்து குடை வைத்திருந்த ஓர் அம்மாள் ஆரம்பித்தார்.

"ஏம்மா, துணி பரேடு பார்க்குமா? எதுக்கு இதுக்கு இவ்வளவு இடம்?"

"வந்துடுவாங்கம்மா. வழியில இருக்காங்க."

"நானும் ஒரு மணி நேரமா கேக்கறேன், வழியில இருக்காங்க, வழியில இருக்காங்கன்னு. வழியிலயே வீடு கட்டிட்டாங்களா?"

பின்வரிசை சிரித்தது. ஒருவன் விரிப்பின் ஓரத்தில் காலை வைத்தான். விரிப்பக்கா காலைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், அவன் எடுக்கவில்லை. குடைக்கார அம்மாள் கையை உயர்த்தி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். வாக்கிடாக்கியோடு ஓர் இளம்பெண் வந்தாள். நல்ல பெண்தான். "ஒரே குடும்பம்னா உள்ள விடறேம்மா. இல்லன்னா இந்த ரெண்டு விரிப்பையும் எடுத்துடுங்க" என்றாள்.

அப்போதுதான் வந்தார்கள். முன்னால் தம்பி, வெள்ளைக் காலணி. பின்னால் முதலாளி, அவர் மனைவி, ஒரே நிறத் தொப்பி போட்ட பிள்ளைகள். விரிப்பக்கா எழுந்து நின்று கையை உயர்த்தினார். சலவைக்கூடத்தில் போடுகிற ரப்பர் செருப்பு காலில்.

முதலாளியின் மனைவி குனிந்து விரிப்பின் மூலையை இரண்டு விரலால் தூக்கினார்.

"ஐயோ, ஆஸ்பத்திரி முத்திரை போட்டிருக்கே! யாரு படுத்ததோ. யாருதுங்க இது?"

மேற்பார்வைப் பெண் தம்பியைக் கேட்டாள். "சார், இவங்க உங்க குடும்பமா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். கயிறு தூக்கப்பட்டிருக்கும். தம்பி முதலாளியம்மாவின் விரல்களைப் பார்த்தான். அவை இன்னும் விரிப்பின் மூலையைத் தரையில் படாமல் பிடித்திருந்தன.

"சேச்சே, குடும்பம் இல்லைங்க. இடம் பிடிக்க ஆள் சொல்லியிருந்தோம், அவ்வளவுதான்."

சொன்னதோடு நின்றிருக்கலாம். சொன்னதை உண்மையாக்க வேண்டுமே. பணப்பையை எடுத்து ஒரு ஐந்நூறு நோட்டை அக்காவின் கையில் திணித்தான். "இந்தாங்கம்மா."

பிறந்த நாளிலிருந்து அக்கா என்று கூப்பிட்டவன், தெருவில் போகிறவளைக் கூப்பிடுவதுபோல அம்மா என்றான்.

மேற்பார்வைப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. பாஸின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு விதி உண்டு: பணத்துக்கு இடம் விற்றால் பாஸ் ரத்து, நிரந்தரமாக. வேறு எந்தக் குற்றத்துக்கும் எச்சரிக்கை உண்டு, இதற்குக் கிடையாது.

"பணம் வாங்கிட்டா இடம் பிடிச்சீங்க?"

நான் எழுந்தேன். "இந்தாம்மா, அந்த ஆளு இவங்க கூடப் பொறந்த—"

"கணக்கையா, நீங்க உக்காருங்க." என்னை அவர் அதட்டியது அன்றைக்குத்தான். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "ஆமாம்மா. நான் இடம் பிடிக்க வந்த ஆள்தான்."

கழுத்திலிருந்து பாஸைக் கழற்றி அவரே கொடுத்தார். மூன்று விரிப்புகளையும் மடித்தார். அவசரப்படவில்லை, மூலைக்கு மூலை வைத்து, சலவைக்கூடத்தில் மடிப்பதுபோல. முதலாளி யாரிடமோ பேசி ஐஸ்கிரீம் கடை மாடியில் நாற்காலிகளுக்குக் கட்டணம் கட்டி எல்லோரையும் ஏற்றிவிட்டார். விரிப்பக்கா மடித்து முடித்த நேரமே அதற்குப் போதுமானதாக இருந்தது. வாத்தியச் சத்தம் கேட்டபோது ஒரு காவலர் விரிப்பக்காவை வாசலுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். திமிங்கிலம் வளைவில் முழித்தபோது அவர் முதுகு மட்டும் தெரிந்தது. மாடியில் தம்பி பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. பணம் கொடுத்தவர், இது கூலி அல்ல, நாங்கள் உறவினர் என்று கையெழுத்திட்டு ஒரு வரி எழுதித் தரவேண்டும். எங்கள் ஏழெட்டுப் பேரின் சாட்சியை அலுவலகம் வாங்கவில்லை. நாங்கள் பணம் கொடுத்தவர்களும் இல்லை, உறவினர்களும் இல்லை. ஆகவே அவரோடு நானும் தம்பி வீட்டுக்குப் போனேன்.

"ஒரு பாஸ்தானேக்கா? விட்டுத் தள்ளு. வேற பூங்காவுக்கு நான் எடுத்துத் தர்றேன்" என்றான்.

"வேற பூங்காவுல எனக்கு யாரைடா தெரியும்?"

"கொஞ்சம் புரிஞ்சுக்கக்கா. பூங்காக்காரங்க முதலாளியை விசாரிச்சா, அன்னிக்கு நின்னது உங்க அக்காவான்னு கேப்பாரு. நான் என்ன சொல்றது?"

"அக்கான்னு சொல்லு."

தம்பி மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஆறும்வரை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் தம்பி சொன்னான், "சரிக்கா. எழுதித் தர்றேன். அடுத்த வாரம்."

படியிறங்கும்போது நான் திரும்பிப் பார்த்தேன். விரிப்பக்கா பார்க்கவில்லை.

"இன்னொரு தடவை போய்க் கேட்டுட்டு வரட்டுமா?" என்று அடுத்த வாரம் கேட்டேன்.

"வேணாம் கணக்கையா. வாய்விட்டு சரின்னு சொல்லியிருக்கான்."

அதற்கும் அடுத்த வாரம் தம்பியிடமிருந்து போன் வந்தது. மனைவிக்கு ஸ்கேன், காலையில் டோக்கன் எடுத்து வைக்கவேண்டும். விரிப்பக்கா போய் நின்றார்.

"ஏன் போனீங்க?" எனக்குக் கோபம்தான்.

"போகலன்னா, அதையே சாக்கா வச்சு எழுதாம விட்டுருவான்."

டோக்கன் எடுக்கப் போனவரிடமும் அவன் கடிதம் கொடுக்கவில்லை. கெடு முடியப்போகிறது என்று, அவர் சார்பில் ஒரு மேல்முறையீட்டை நானே எழுதினேன். நடந்ததை நடந்தபடி, ஒரு பக்கம். அவர் கையெழுத்திட்டு, தானே தபாலில் சேர்ப்பதாக வாங்கிக்கொண்டு போனார். தபால் நிலையத்தில் அந்த ஐந்நூறு நோட்டையும் உறைக்குள் வைத்து ஒட்டியிருக்கிறார். கூடவே ஒரு துண்டுத் தாள்: "நான் இதைச் செலவழிக்கவில்லை." செலவழிக்காத காசு வாங்காத காசு என்பது அவர் நியாயம். விளிம்புக் கல்லில் அது எடுபட்டிருக்கும்.

ஜூன் முதல் தேதி தம்பிக்கு அந்த நாற்காலி கிடைத்தது. வளைவில் விரிப்பக்காவின் இடத்தில் இப்போது மடக்கு நாற்காலிக்காரர்கள் உட்காருகிறார்கள். ஆளுக்கொரு பையையும் பக்கத்தில் வைக்கிறார்கள். கேட்டால், ஆள் வர்றாங்க என்கிறார்கள். கேமராக்காரர் இரண்டு நாள் சண்டை போட்டார். பிறகு ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டார்.

பூங்காவின் பதில் வந்த அன்று விரிப்பக்கா உறையைப் பிரிக்காமல் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் படித்துக் காட்டினேன். பணம் பெற்றதைத் தாங்களே எழுத்திலும் நோட்டை அனுப்பியும் உறுதி செய்திருப்பதால், ரத்து நிலைக்கும்; இதுவே இறுதி; தங்கள் பணம் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. நோட்டு குண்டூசியில் குத்தியிருந்தது.

"தம்பி எழுதிக் குடுத்தது ஏதாவது சேர்த்து வச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

உறையைத் தலைகீழாகத் தட்டிக் காட்டினேன்.

கடிதம் வந்த தேதி: 19-6-2023.